சிங்கப்பூருக்குச் சைட் வேலைக்கு முதல்முறை போகிறீர்களா? ஐபிஏ தொடங்கி முதல் சம்பளம் வரை

கட்டுமான வேலைக்குச் சிங்கப்பூர் கிளம்புகிறவருக்கு ஊரில் தகவல் கிடைப்பது இரண்டே இடத்தில்தான். ஒன்று ஏஜென்ட், இன்னொன்று ஏற்கெனவே போய்வந்த உறவுக்காரர். ஏஜென்ட் நல்லதை மட்டும் சொல்வார். உறவுக்காரர் தான் போன காலத்து விதியைச் சொல்வார். இரண்டையும் கேட்டுக் குழம்பி, ஒவ்வொரு தாளுக்கும் நாலு பேரை விசாரித்து, வந்து இறங்கிய பிறகும் பாதி விஷயம் தெரியாமல் திண்டாடியவன் நான். அடுத்து வருகிறவருக்கு அந்த அலைச்சல் வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

அவசரத்தில் இருப்பவர்கள் இந்த ஒரு வரியையாவது பிடித்துக்கொள்ளுங்கள். உங்கள் பெயரில் ஐபிஏ தாள் (வேலை பெர்மிட்டுக்குச் சிங்கப்பூர் மனிதவள அமைச்சு முன்கூட்டித் தரும் ஒப்புதல் கடிதம்) வந்து, அதை நீங்களே படித்து, உண்மையானதா என்று பார்க்கும்வரை பெரிய பணம் கொடுக்காதீர்கள், டிக்கெட்டும் போடாதீர்கள்.

1. பாஸ்போர்ட்டைத்தான் முதலில் பாருங்கள்

36 பக்கச் சாதாரண பாஸ்போர்ட்டுக்கு அரசுக் கட்டணம் 1,500 ரூபாய். தட்கால் என்றால் மேலே இன்னொரு 2,000. இதற்கு மேல் யார் கேட்டாலும் அது இடையில் இருப்பவரின் கூலி.

இரண்டு விஷயத்தைச் சரிபாருங்கள். முதலாவது காலாவதி. வேலை பெர்மிட் அதிகபட்சம் இரண்டு வருடத்துக்குத் தருவார்கள். பாஸ்போர்ட்டில் அந்த அளவுக்குக் காலம் இல்லையென்றால் பெர்மிட்டும் அதற்குத் தக்கபடி குறையும். கம்பெனி இரண்டு வருடத்துக்கு எடுக்கத் தயாராக இருந்தாலும் உங்கள் பாஸ்போர்ட்டால் அது சுருங்கிவிடும். ஆகவே இரண்டரை வருடத்துக்குக் குறைவாக இருந்தால் ஊரிலேயே புதுப்பித்துவிட்டு வேலை தேடுங்கள்.

இரண்டாவது பெயர். நம் ஆட்களுக்கு இதுதான் பெரிய தலைவலி. பள்ளிச் சான்றிதழில் இனிஷியல் முன்னால் இருக்கும், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுதாக விரிந்திருக்கும், ஆதாரில் வேறு மாதிரி இருக்கும். சிங்கப்பூரில் எல்லாமே பாஸ்போர்ட்டில் உள்ளபடிதான் போகும். ஸ்கில் டெஸ்டுக்குப் பதியும்போதே பாஸ்போர்ட்டை எதிரில் வைத்துக்கொண்டு எழுத்துக்கு எழுத்து அதே பெயரைக் கொடுங்கள். சான்றிதழில் ஒரு எழுத்து மாறினாலும் பிறகு திருத்துவதற்குள் கம்பெனி வேறு ஆளை எடுத்துவிடும்.

இன்னொரு விஷயத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஈசிஆர் (வேலைக்குப் போகுமுன் அரசுச் சோதனை தேவை என்ற குறிப்புள்ள) பாஸ்போர்ட் வைத்திருப்பவரிடம் ‘எமிகிரேஷன் கிளியரன்ஸ் எடுக்கணும், அதுக்குத் தனியா பணம்’ என்பார்கள். அந்தக் கிளியரன்ஸ் வளைகுடா நாடுகள், மலேசியா உட்பட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போகிறவர்களுக்குத்தான். அந்தப் பட்டியலில் சிங்கப்பூர் இல்லை. அந்தப் பெயரில் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.

2. ஸ்கில் டெஸ்ட்

இந்தியாவிலிருந்து கட்டுமானத் துறைக்கு வருகிறவர் பெரும்பாலும் சிங்கப்பூரின் கட்டட, கட்டுமான ஆணையம் நடத்தும் திறன் தேர்வில் தேறியிருக்க வேண்டும். கம்பி கட்டுவது, பலகை அடிப்பது, டைல்ஸ், பைப், எலக்ட்ரிக்கல் என்று தொழில்வாரியாக உண்டு. செய்முறை, எழுத்து இரண்டிலும் தேற வேண்டும்.

சென்டரில் சேருமுன் மூன்று கேள்வி கேளுங்கள். ஆணையத்தின் அங்கீகாரப் பட்டியலில் உங்கள் சென்டர் இருக்கிறதா? ஃபெயிலானால் மறுதேர்வுக்கு எவ்வளவு? பாதியில் விட்டால் எவ்வளவு திரும்பத் தருவீர்கள்? பதிலை வாயால் வாங்காமல் ரசீதில் எழுதி வாங்குங்கள்.

தேறிய சான்றிதழ் கையில் இருந்தால் வேலை உறுதி என்று நினைத்துவிடக் கூடாது. சான்றிதழ் வந்தபின் கம்பெனி கிடைக்க மாதக்கணக்கில் காத்திருப்பவர்கள் நிறையப் பேர். அந்த மாதங்களுக்கான வட்டியையும் சேர்த்துக் கணக்குப் போட்டுவிட்டுக் கடன் வாங்குங்கள்.

எந்தத் தொழிலை எடுப்பது என்று கேட்டால், ஊரில் ஏற்கெனவே கை பழகிய தொழிலை எடுங்கள் என்பேன். சென்டரில் எந்த பேட்ச் காலியாக இருக்கிறதோ அதில்தான் உட்காரச் சொல்வார்கள். அதற்கு ஒத்துக்கொண்டால் பிறகு சைட்டில் திட்டு வாங்கப்போவது நீங்கள்தான்.

3. ஏஜென்ட் பணம்

இந்தியாவில் வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்புகிறவர் மத்திய அரசிடம் உரிமம் பெற்றிருக்க வேண்டும். இ-மைகிரேட் இணையதளத்தில் உரிமம் உள்ளவர்களின் பட்டியல் இருக்கிறது. உரிமம் பெற்றவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் அதிகபட்சம் 30,000 ரூபாயும் அதற்கு ஜிஎஸ்டியும்தான். சிங்கப்பூர் பக்கத்து ஏஜென்சி உங்களிடம் வாங்கக்கூடியது, வருடத்துக்கு ஒரு மாதச் சம்பளம் என்ற கணக்கில் அதிகபட்சம் இரண்டு மாதச் சம்பளம். வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதத்துக்குள் கம்பெனியே உங்களை நிறுத்தினால் அதில் குறைந்தது பாதியைத் திருப்பித் தர வேண்டும்.

நடைமுறையில் லட்சக்கணக்கில் கேட்கிறார்கள். இது எல்லோருக்கும் தெரியும். அவ்வளவு பணத்துக்கு ரசீது இருக்காது, கேட்டால் முகம் மாறும். ரசீது தராதவரிடம் ரொக்கமாகக் கொடுக்காதீர்கள், வங்கி வழியாகவே அனுப்புங்கள். வங்கிக் கணக்கில் பெயர், தேதி, தொகை மூன்றும் நிற்கும். புகார் கொடுக்க வேண்டி வந்தால் அது ஒன்றுதான் கைகொடுக்கும்.

கம்பெனியோ, சூப்பர்வைசரோ, ‘உனக்கு வேலை போட்டுக் கொடுத்தேன், பெர்மிட் ரினியூ பண்ணிக் கொடுத்தேன்’ என்று சொல்லி உங்களிடம் பணம் வாங்குவது சிங்கப்பூர்ச் சட்டப்படி குற்றம். 30,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரை அபராதமும் இரண்டு வருடம் வரை சிறையும் உண்டு. வெளிநாட்டு ஆளை வைத்திருப்பதற்காகக் கம்பெனி அரசுக்குக் கட்டும் லெவி என்ற வரியும், 5,000 வெள்ளி பாண்ட் என்ற பிணைத்தொகையும் கம்பெனியின் செலவு. ‘லெவிக்குப் பிடிக்கிறோம்’ என்று யாராவது சொன்னால் அது நேரடிப் பொய்.

என் சொந்தக் கருத்து ஒன்று. மொத்தச் செலவு உங்கள் ஒரு வருட அடிப்படைச் சம்பளத்தைத் தாண்டுகிறது என்றால் அந்த வேலையை விட்டுவிடுங்கள். முதல் பெர்மிட் முழுக்க வட்டி கட்டவே சரியாகப் போய்விடும்.

‘டூரிஸ்டாகப் போ, அங்கே போய் பெர்மிட்டாக மாற்றிக்கொள்ளலாம்’ என்கிறவரிடம் பேச்சையே வளர்க்காதீர்கள்.

4. ஐபிஏ: வரி வரியாகப் படியுங்கள்

ஆட்கள் ‘ஐபி வந்துருச்சு’ என்று சொல்வது இதைத்தான். சிங்கப்பூர் மனிதவள அமைச்சு உங்களுக்கு பெர்மிட் தரக் கொள்கையளவில் ஒப்புக்கொண்ட கடிதம் அது. நாட்டுக்குள் நுழையவும் அதுவே அனுமதி. நீங்கள் கிளம்புமுன் இதைக் கம்பெனி உங்களுக்கு அனுப்பியே ஆக வேண்டும். தமிழிலும் கிடைக்கும், கேட்டு வாங்குங்கள். ‘ஏர்போர்ட்டில் தருவோம்’ என்றால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

முதலில் உண்மையான தாள்தானா என்று பாருங்கள். அமைச்சின் இணையதளத்தில் வேலை அனுமதியின் நிலையைப் பார்க்கும் பக்கம் இருக்கிறது. எஸ்ஜிவொர்க்பாஸ் என்ற செயலியும் இருக்கிறது. உங்கள் விவரம் அங்கே வர வேண்டும். வாட்ஸ்அப்பில் வரும் படத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். போலித் தாள் அச்சடிப்பது பெரிய வேலை இல்லை.

அடுத்து உட்கார்ந்து படியுங்கள். கம்பெனி பெயர், வேலை, கடிதம் எந்தத் தேதி வரை செல்லும் என்பதை ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். அப்புறம் சம்பளப் பகுதிக்கு வாருங்கள். அங்கே நான்கு தொகை இருக்கும். அடிப்படை மாதச் சம்பளம், நிலையான படிகள், நிலையான பிடித்தங்கள், நிலையான மாதச் சம்பளம்.

ஏஜென்ட் சொன்ன தொகைக்கும் இதற்கும் பெரும்பாலும் ஒத்துவராது. காரணம், அவர் ஓடியையும் (கூடுதல் நேர வேலைக்கான சம்பளத்தையும்) சேர்த்துச் சொல்லியிருப்பார். ‘மாசம் 1,000 வெள்ளி’ என்று சொல்லியிருப்பார், தாளில் அடிப்படை 600 என்று இருக்கும். சட்டப்படி உங்களுக்கு உறுதியானது தாளில் இருப்பது மட்டும்தான். ஓடி என்பது வேலை இருந்தால் வரும், இல்லாவிட்டால் வராது. மழை மாதத்தில் நன்றாகவே குறையும்.

கணக்கு எப்படி என்று ஒரு உதாரணம் போட்டுப் பார்த்துவிடலாம். அடிப்படை மாதச் சம்பளம் 600 வெள்ளி என்றால், அதை 12-ஆல் பெருக்குங்கள், 7,200. வாரம் 44 மணி நேரம், வருடம் 52 வாரம், ஆக 2,288 மணி நேரம். 7,200-ஐ 2,288-ஆல் வகுத்தால் மணிக்குச் சுமார் 3.15 வெள்ளி. ஓடிக்கு இதில் ஒன்றரை மடங்கு, அதாவது 4.72. மாதத்தில் அதிகபட்சம் 72 மணி நேரம்தான் ஓடி வாங்கலாம் என்பது விதி. 60 மணி நேரம் கிடைத்த மாதத்தில் ஓடி சுமார் 283 வெள்ளி. மொத்தம் 883. இதிலிருந்து சாப்பாடு, போன், கைச்செலவு போக மீதிதான் ஊருக்கு. இந்தக் கணக்கை உங்கள் ஐபிஏ தொகையை வைத்து வீட்டில் எல்லோர் முன்னாலும் ஒருமுறை போடுங்கள். வீட்டுக்காரர்கள் எவ்வளவு எதிர்பார்க்கலாம் என்பது அப்போதே தெளிவாகிவிடும். பிறகு போனில் சண்டை வராது.

பிடித்தம் என்ற இடத்தில் தங்குமிடம், சாப்பாடு என்று ஏதாவது எழுதியிருந்தால் எவ்வளவு என்று பாருங்கள். தாளில் இல்லாத பிடித்தத்தை வந்தபிறகு சொன்னால் கேள்வி கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. அதேபோல, ஐபிஏவில் உள்ள அடிப்படைச் சம்பளத்தைக் குறைக்க வேண்டுமென்றால் நீங்கள் எழுத்தில் சம்மதிக்க வேண்டும், அமைச்சுக்கும் தெரிவிக்க வேண்டும். ஆகவே இறங்கிய களைப்பில் யாராவது ஆங்கிலத் தாளை நீட்டிக் கையெழுத்து கேட்டால், ‘படிச்சுட்டு நாளைக்குத் தரேன் அண்ணே’ என்று சொல்லுங்கள். வெற்றுத் தாளில் கையெழுத்துப் போடவே கூடாது.

ஐபிஏவை மூன்று பிரதி எடுங்கள். ஒன்று வீட்டில், ஒன்று பெட்டியில், ஒன்று கையில். போனில் படமும் எடுத்து, வீட்டில் ஒருவருக்கு அனுப்பிவிடுங்கள்.

5. கிளம்பும் வாரம்

எஸ்ஜி அரைவல் கார்டு என்ற நுழைவுப் படிவத்தை, போய்ச் சேரும் நாளையும் சேர்த்து மூன்று நாளுக்குள் இணையத்தில் நிரப்ப வேண்டும். இது முழுக்க இலவசம். கட்டணம் கேட்கும் இணையதளங்கள் தேடலில் முதலில் வரும், அதில் மாட்டாதீர்கள். சிங்கப்பூர்க் குடிநுழைவு ஆணையத்தின் தளத்திலோ, மைஐசிஏ செயலியிலோ மட்டும் நிரப்புங்கள்.

கைப்பையில் இருக்க வேண்டியவை: பாஸ்போர்ட், ஐபிஏ பிரதி, ஸ்கில் டெஸ்ட் சான்றிதழ், அரைவல் கார்டு உறுதிச் செய்தி, கூட்டிப்போக வருகிறவரின் பெயரும் எண்ணும், நாலைந்து பாஸ்போர்ட் அளவுப் படம். அந்த எண்ணைத் தாளில் எழுதி வையுங்கள். ஊர் சிம் அங்கே வேலை செய்யாவிட்டால் போனில் இருந்தும் பயனில்லை. ஐம்பது, நூறு வெள்ளியை ஊரிலேயே மாற்றிக்கொள்ளுங்கள். முதல் சம்பளம் வர ஒரு மாதத்துக்கு மேல் ஆகும். அதுவரை கைச்செலவுக்கும் சாப்பாட்டுக்கும் என்ன ஏற்பாடு என்று கம்பெனியிடம் கிளம்புமுன்பே கேட்டு வையுங்கள்.

வாய்ப்புகையிலை, பான் வகை, மின்சிகரெட் எதையும் கொண்டுவராதீர்கள், எல்லாமே தடை. சிகரெட்டுக்கு வரிவிலக்கு கிடையாது, ஒரு பாக்கெட் என்றாலும் அறிவித்து வரி கட்ட வேண்டும். சூயிங்கம்மும் வேண்டாம். தினசரி மாத்திரை சாப்பிடுகிறவர் டாக்டர் சீட்டையும் கூடவே வைத்துக்கொள்ளுங்கள். பக்கத்து வீட்டுக்காரர் ‘என் மச்சானிடம் கொடுத்துவிடு’ என்று தரும் ஒட்டிய பார்சலை மட்டும் வாங்கவே வாங்காதீர்கள். போதைப்பொருளுக்கு இங்கே மரண தண்டனை வரை உண்டு. உள்ளே என்ன இருக்கிறது என்பதற்கு நீங்கள்தான் பொறுப்பு.

6. இறங்கியபின் முதல் இரண்டு வாரம்

நேரம் இந்தியாவைவிட இரண்டரை மணி முன்னால். முதல்முறை வருகிற கட்டுமான ஊழியரை ஆன்போர்டு சென்டருக்கு அழைத்துப் போவார்கள். மருத்துவப் பரிசோதனை, அறிமுக வகுப்பு எல்லாம் அந்த நாள்களில் நடக்கும். பரிசோதனையில் காசநோய், எச்ஐவி, சிஃபிலிஸ், மலேரியா பார்ப்பார்கள். தேறாவிட்டால் பெர்மிட் கிடைக்காது, திருப்பி அனுப்பிவிடுவார்கள். அதனால் லட்சங்களைக் கொட்டுமுன் ஊரிலேயே நெஞ்சு எக்ஸ்ரேயும் ரத்தப் பரிசோதனையும் சொந்தச் செலவில் ஒருமுறை பார்த்துவிடுங்கள். பழைய காசநோய்த் தழும்பு எக்ஸ்ரேயில் தெரியும். சிகிச்சை முடித்த தாள் இருந்தால் கூடவே கொண்டு வாருங்கள்.

அறிமுக வகுப்பு உங்கள் மொழியிலேயே நடக்கும். கட்டணம் கம்பெனி பொறுப்பு. பலர் தூங்கிவிடுவார்கள். உரிமை, புகார் எண், சம்பள விதி எல்லாம் அங்கேதான் சொல்கிறார்கள், எழுதிக்கொள்ளுங்கள்.

கட்டுமானப் பாதுகாப்பு வகுப்பு ஒன்றும் உண்டு. ஆட்கள் சிஎஸ்ஓசி என்று பழைய பெயரிலேயே சொல்வார்கள். வந்த இரண்டு வாரத்துக்குள் போக வேண்டும், மூன்று மாதத்துக்குள் தேற வேண்டும். தேறாவிட்டால் பெர்மிட்டுக்கே ஆபத்து.

கைரேகை, படம் பதிவான பிறகு பெர்மிட் அட்டை வரும். எஸ்ஜிவொர்க்பாஸ் செயலியிலும் அது தெரியும். அட்டை எப்போதும் உங்களிடம் இருக்கட்டும். பாஸ்போர்ட்டும் உங்களுடையது. உங்கள் விருப்பம் இல்லாமல் கம்பெனி அதை வாங்கி வைத்துக்கொள்ளக் கூடாது. ‘பத்திரமா இருக்கும், ஆபீஸ்ல கொடு’ என்பார்கள். டோர்மில் (ஊழியர் தங்கும் விடுதியில்) பூட்டும் வசதியுள்ள அலமாரி இருந்தால் நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.

வங்கிக் கணக்கு கம்பெனி மூலம் திறப்பார்கள். டோர்மில் தங்குகிறவருக்குச் சம்பளம் வங்கியில்தான் போட வேண்டும் என்பது விதி. ஏடிஎம் அட்டையும் ரகசிய எண்ணும் உங்களிடம் மட்டும். ‘உன் கணக்கைக் கொஞ்ச நாள் தா, 200 வெள்ளி தரேன்’ என்று ஞாயிற்றுக்கிழமை லிட்டில் இந்தியாவின் தேக்கா பக்கம் யாராவது கேட்டால் விலகிப் போய்விடுங்கள். மோசடிப் பணம் உங்கள் கணக்கில் வந்து போனால் போலீஸ் முதலில் உங்களைத்தான் பிடிக்கும். வேறு முதலாளியிடம் லீவு நாளில் தனியாக வேலை பார்ப்பதும் குற்றம். பொது இடத்தில் இரவு 10.30 முதல் காலை 7 வரை மது குடிக்கத் தடை. லிட்டில் இந்தியாவில் சனி காலை 7 முதல் திங்கள் காலை 7 வரை பொது இடத்தில் குடிக்கவே கூடாது.

7. வெயில்: முதல் ஏழு நாள் நிதானம்

‘நாங்க 40 டிகிரியே பார்த்தவங்க, இங்க 32 தானே’ என்று நினைத்து வருகிறவர்கள்தான் முதல் வாரத்தில் சுருண்டு விழுகிறார்கள். நம் ஊர் உள்மாவட்ட வெயில் வறண்ட வெயில். வியர்வை உடனே காயும், காயும்போது உடம்பு குளிரும். சிங்கப்பூர் காற்றில் ஈரம் நிறைந்திருக்கும். வியர்வை காயாது, வழிந்துகொண்டே இருக்கும். சட்டை பத்து மணிக்கே பிழிகிற அளவுக்கு நனைந்துவிடும், ஆனால் உடம்புச் சூடு இறங்காது. கான்கிரீட் தளத்தின் மேல், ஹெல்மெட், பூட்ஸ், பெல்ட் எல்லாம் போட்டுக்கொண்டு கம்பி தூக்கும்போது இது இன்னும் கடுமை.

அதனால்தான் இங்கே வெறும் வெப்பநிலையை வைத்து முடிவு செய்வதில்லை. வெப்பம், ஈரம், காற்று, நேர் வெயில் எல்லாம் சேர்ந்த டபிள்யூபிஜிடி என்ற அளவை சைட்டில் மணிக்கு ஒருமுறை பார்க்கிறார்கள். மைஎன்வி செயலியில் நீங்களும் பார்க்கலாம். அந்த அளவு 32-ஐத் தொட்டால் கடுமையான உடலுழைப்பு செய்கிறவருக்கு மணிக்குக் குறைந்தது 10 நிமிடம் நிழலில் ஓய்வு, 33-ஐத் தொட்டால் 15 நிமிடம். இது 2023 அக்டோபரில் மனிதவள அமைச்சு அறிவித்தது. சூப்பர்வைசர் மறந்தால் மரியாதையாக ஞாபகப்படுத்துங்கள். தயங்க வேண்டாம்.

புதிதாக வந்தவரின் வெயில் நேரத்தைக் குறைந்தது ஏழு நாள் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கூட்ட வேண்டும் என்பதும் அதே விதிமுறையில் இருக்கிறது. நடைமுறையில் இதை மறந்துவிடுவார்கள். நீங்களும் முதல் நாளே பழைய ஆட்களுக்குச் சமமாகத் தூக்கிக் காட்ட வேண்டும் என்று நினைப்பீர்கள். வேண்டாம். லீவுக்கு ஊருக்குப் போய்த் திரும்புகிறவருக்குக்கூட உடம்பு மறுபடி பழக நாளாகும்.

தண்ணீர் விஷயம். தாகம் எடுத்தபின் குடிப்பது தாமதம். மணிக்கு ஒருமுறை, ஒரு பெரிய டம்ளராவது, அதாவது 300 மில்லி குடியுங்கள். வியர்வை அதிகம் போகும் நாளில் ஒரு வேளை உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலம் கலந்து குடிக்கலாம். அடர் மஞ்சளாகச் சிறுநீர் போனால் தண்ணீர் போதவில்லை என்று அர்த்தம். குளிர்ந்த எனர்ஜி பானத்தை மட்டும் நம்பி நாளை ஓட்டாதீர்கள். முந்தின இரவு குடித்துவிட்டு வந்தவருக்கும், தூக்கம் கெட்டவருக்கும் வெயில் இரண்டு மடங்கு தாக்கும். விடியுமுன் லாரி வந்துவிடும் என்பதால் இரவு பத்துக்குள் படுத்துவிடுவது நல்லது. வீட்டுக்கு வீடியோ அழைப்பை ஞாயிறுக்கு வைத்துக்கொள்ளுங்கள், மற்ற நாளில் ஐந்து நிமிடம் போதும்.

கேட்டரிங் சாப்பாடு பற்றி ஒன்று சொல்ல வேண்டும். மதியச் சோறும் அதிகாலையிலேயே பொட்டலமாக வந்துவிடும். வெயிலில் கிடந்தால் மதியத்துக்குள் ஊசிப்போகும். நிழலில், தரையில் படாமல் தொங்கவிடுங்கள். திறந்ததும் முகர்ந்து பாருங்கள். சந்தேகமாக இருந்தால் கொட்டிவிடுங்கள். வயிற்றுப்போக்கோடு வெயிலில் நிற்பது ஆபத்து.

பூட்ஸுக்குள் ஈரம் தங்கினால் விரலிடுக்கில் சேற்றுப்புண் வரும். மதியம் மாற்ற ஒரு ஜோடி சாக்ஸ் பையில் இருக்கட்டும். அக்குள், தொடை இடுக்கில் வேர்க்குரு, அரிப்பு வந்தால் முதல் வாரத்திலேயே மருந்து போடுங்கள். பருத்தி உள்ளாடை நல்லது.

கூட வேலை செய்கிறவர் உளறினாலோ, நடை தள்ளாடினாலோ, தோல் கொதித்தாலோ அது வெறும் களைப்பு என்று உட்கார வைத்துவிட்டுப் போகாதீர்கள். நிழலுக்குத் தூக்கிப் போய் பூட்ஸ், சட்டையைக் கழற்றி, தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். கழுத்து, அக்குளில் ஐஸ் வையுங்கள். உடனே 995-க்கு அழையுங்கள். நினைவில்லாதவர் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள்.

இடி மின்னல் இங்கே மிக அதிகம். மதியத்துக்கு மேல் வானம் சட்டென்று கறுக்கும். எச்சரிக்கை ஒலித்ததும் சாரம், கிரேன், திறந்த தளத்திலிருந்து இறங்கிவிடுங்கள். ‘இந்த ஒரு பலகையை முடிச்சுட்டு’ என்று நிற்காதீர்கள்.

8. உடம்பு சரியில்லை, அடிபட்டது என்றால்

கட்டுமானத் துறை ஊழியருக்குக் கம்பெனி அடிப்படை மருத்துவத் திட்டம் எடுத்திருக்க வேண்டும். அதன்படி குறிப்பிட்ட மருத்துவ நிலையத்துக்குப் போனால் நீங்கள் தருவது 5 வெள்ளி, போன் வழி டாக்டரைப் பார்த்தால் 2 வெள்ளி. உங்கள் டோர்முக்கு எந்த நிலையம் என்று வந்த வாரமே கேட்டுவையுங்கள். காய்ச்சலோடு சைட்டுக்குப் போகாதீர்கள். டாக்டர் எம்சி (மருத்துவ விடுப்புச் சீட்டு) தந்தால் அது ஓய்வுக்குத்தான்.

வேலையில் அடிபட்டால் அன்றே சூப்பர்வைசரிடம் சொல்லுங்கள். சொன்னதற்குச் சாட்சியாக ஒரு வாட்ஸ்அப் செய்தியும் அனுப்புங்கள். இடத்தையும் காயத்தையும் படம் எடுங்கள், பக்கத்தில் இருந்தவர் பெயரைக் குறியுங்கள். டாக்டரிடம் எப்படி நடந்ததோ அப்படியே சொல்லுங்கள். ‘டோர்ம்ல வழுக்கி விழுந்தேன்னு சொல்லு, நாங்க பார்த்துக்கறோம்’ என்று கூட வந்தவர் சொல்வார். அப்படிச் சொன்னால் இழப்பீட்டுக் கோரிக்கை அங்கேயே பலவீனமாகிவிடும். வேலை விபத்து இழப்பீட்டுச் சட்டத்தில் யார் தவறு என்று நிரூபிக்க வேண்டியதில்லை, வேலையால் அடிபட்டது என்றால் போதும். சிகிச்சைச் செலவும் எம்சி நாள் சம்பளமும் கம்பெனி பொறுப்பு. கோரிக்கை வைக்க ஒரு வருடம் வரை அவகாசம் உண்டு. ஒரே நாள் எம்சி என்றாலும் கம்பெனி அமைச்சுக்குத் தெரிவிக்க வேண்டும்.

9. முதல் சம்பளம்

சம்பள மாதம் முடிந்து 7 நாளுக்குள் சம்பளமும், 14 நாளுக்குள் ஓடியும் வர வேண்டும். விவரமான சம்பளச் சீட்டும் தர வேண்டும். சீட்டில்லாமல் பணம் மட்டும் வந்தால் கேளுங்கள்.

முதல் நாளிலிருந்தே ஒரு சின்ன நோட்டில் தேதி, தொடங்கிய நேரம், முடித்த நேரம், எந்த சைட் என்று எழுதுங்கள். டைம் கார்டையும் படம் எடுங்கள். சம்பளம் வந்ததும் உங்கள் நோட்டு, சம்பளச் சீட்டு, ஐபிஏ, வங்கியில் வந்த தொகை நான்கையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கம்பெனி கேட்டு ஞாயிற்றுக்கிழமை முழுநாள் வேலை செய்திருந்தால் அந்த ஒரு நாளுக்கு இரண்டு நாள் சம்பளம். 600 வெள்ளி அடிப்படைக்கு, வாரம் ஆறு நாள் வேலை என்றால் ஒரு நாள் சம்பளம் சுமார் 23 வெள்ளி, ஞாயிறுக்கு 46. பொது விடுமுறை வருடத்துக்கு 11 நாள், அதற்கும் சம்பளம் உண்டு. தங்குமிடம், வசதிகளுக்கென்று பிடிப்பது சம்பளத்தில் கால் பங்கைத் தாண்டக் கூடாது. எல்லாப் பிடித்தமும் சேர்ந்து பொதுவாகப் பாதியைத் தாண்டக் கூடாது.

குறைந்தால் முதலில் ஆபீஸில் அமைதியாகக் கேளுங்கள், எழுத்தில் கேளுங்கள். கணக்கில் விட்டுப்போனதென்றால் அடுத்த மாதம் சேர்த்துவிடுவார்கள். ‘அடுத்த மாசம், அடுத்த மாசம்’ என்று இரண்டு மாதம் இழுத்தால் மூன்றாவது மாதத்துக்காகக் காத்திருக்காதீர்கள். வெளிநாட்டு ஊழியர் நிலையத்தின் உதவி எண் 6536 2692, இரவு பகல் எந்நேரமும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம். மனிதவள அமைச்சு 6438 5122. சம்பளக் கோரிக்கையை வேலையில் இருக்கும்போது ஒரு வருடத்துக்குள் வைக்க வேண்டும். வேலையை விட்டிருந்தால் கடைசி நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள். ஊருக்கு டிக்கெட் போட்டுக் கொடுத்து ‘அங்க போனதும் அனுப்பறோம்’ என்றால் ஏறுமுன் அந்த எண்ணுக்கு அழையுங்கள். ஊரிலிருந்து வாங்குவது மிகவும் கஷ்டம்.

கம்பெனி பிடிக்கவில்லை என்றால் சண்டை போட்டு வெளியேறாதீர்கள். பெர்மிட் முடிவதற்கு முந்தைய 40-ஆம் நாளிலிருந்து 21-ஆம் நாள் வரை உள்ள இடைவெளியில், கட்டுமான ஊழியர் இப்போதைய கம்பெனியின் சம்மதம் இல்லாமலே வேறு கம்பெனிக்கு மாறலாம். பெர்மிட் முடியும் தேதியைப் பார்த்து, அதற்கு மூன்று மாதம் முன்பே போனில் ஒரு நினைவூட்டல் வைத்துவிடுங்கள். வேறு கம்பெனி தேட அவ்வளவு நாள் தேவைப்படும்.